சாமி மேல் பழி போடாதீர்கள்

(பென்னிகுவிக் பிறந்தநாளன்று கம்பத்தில் பேசியது)



இன்று ஜனவரி 15. 1841-ல் இதே நாளில் பிறந்த பென்னிகுவிக் என்ற வெள்ளைக்காரப் பொறியாளருக்கு நம் கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறோம். பாலார்பட்டியில் ஊரே கூடிப் பானை ஏற்றுகிறது. லோயர்கேம்ப் மணிமண்டபத்தில் மாலை விழுகிறது. எத்தனையோ வீடுகளில் குலசாமி படத்துக்குப் பக்கத்தில் பென்னிகுவிக் படம் மாட்டியிருக்கிறது. அவர் எந்தப் புராணத்திலும் இல்லை. எந்தப் பூசாரியும் அவருக்குப் பொங்கல் வைக்கச் சொல்லவில்லை. நாமாகவே வைத்தோம்.

காரணம் உங்களுக்குத் தெரியும். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்தது. இன்று நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. பஞ்சத்தில் செத்திருக்க வேண்டிய பிள்ளைகள் பிழைத்தார்கள், அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் இந்தத் திடலில் உட்கார்ந்திருக்கிறோம். உயிரைக் காப்பாற்றியவனைக் கும்பிடுவது என்று இந்த மண் முடிவு செய்தது. அதைவிட நேர்மையான பக்தியை நான் கண்டதில்லை.

ஆனால் நண்பர்களே, இந்த நாளுக்கு முந்தைய நாளையும் நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

2011 ஜனவரி 14. சபரிமலை மகர விளக்கு நாள். மறுநாள் நமக்குத் தைப் பொங்கல். குமுளிக்கு அந்தப் பக்கம், வண்டிப்பெரியாறு தாண்டி, புல்லுமேடு. லட்சக்கணக்கில் கூடிய கூட்டம் விளக்கைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மலையிறங்கத் திரும்புகிறது. இருட்டு, காடு, குறுகலான பாதை. நெரிசலில் ஒருவர் விழுகிறார், அவர்மேல் பத்துப் பேர் விழுகிறார்கள், பத்துப் பேர்மேல் நூறு பேர். அன்று இரவு நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் என்று மூன்று மாநிலத்து வீடுகளில் பொங்கல் பானை ஏறவில்லை.

அது முதல் தடவையா? இல்லை. அதற்குச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1999 ஜனவரி 14, அதே மகர விளக்கு நாளில் பம்பையில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவிலும் நெரிசலிலும் செத்தார்கள். விசாரணைக் குழு வைத்தார்கள். அறிக்கை வந்தது. அடுத்த பிணக்குவியல் புல்லுமேட்டில் விழுந்தது.

புல்லுமேட்டுக்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றம் மகர விளக்கைப் பற்றிக் கேள்வி கேட்டது. அப்போது, பொன்னம்பலமேட்டில் தெரியும் விளக்கு மனிதர் கையால் ஏற்றப்படுவதுதான் என்று திருவிதாங்கூர் தேவசம் போர்டே ஒப்புக்கொண்டது. சபரிமலைத் தந்திரி குடும்பத்துப் பெரியவரும் அதற்கு மூன்று ஆண்டு முன்பே அதைச் சொல்லியிருந்தார். இதைக் கேட்டதும் சிலர், 'பார்த்தீர்களா, எல்லாம் பொய்' என்று கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் எனக்குப் பங்கில்லை. கோயில் கருவறையில் எரிவதும் மனிதன் ஏற்றிய விளக்குதான், அதனால் யாருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை. என் கேள்வி வேறு. மலை உச்சியில் விளக்கு ஏற்ற ஒரு கை இருந்தது. அதைப் பார்க்க வந்தவன் பத்திரமாக இறங்குவதற்கு, பாதையில் விளக்குப் போட ஏன் ஒரு கை இல்லை?

இந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் வீட்டுத் திண்ணையில், இழவு வீட்டில் நீங்களே கேட்டிருக்கிறீர்கள். 'சாமி கூப்பிட்டுக்கிருச்சு.' 'மலைக்குப் போன இடத்துல போச்சு, கொடுத்து வச்ச உசுரு.' புருஷனைப் பறிகொடுத்து மார்பில் அடித்துக்கொண்டு அழுகிற ஒரு பெண்ணுக்கு ஆறுதலாக அப்படி ஒரு கிழவி சொன்னால் நான் குறுக்கே பேச மாட்டேன். அது துக்கத்தின் மொழி. ஆனால் அதே சொல்லை அதிகாரியும் அமைச்சரும் விழாக் கமிட்டிக்காரரும் எடுத்துக்கொள்ளும்போது அது துக்கத்தின் மொழி இல்லை, தப்பிக்கும் வழி.

கேளுங்கள். 'சாமி கூப்பிட்டுக்கொண்டது' என்று சொல்வதால் யாருக்கு லாபம்? சாமிக்கா? கொலைப்பழியை அல்லவா அதன் தலையில் கட்டுகிறோம்! பாதைக்கு விளக்குப் போடாத துறைக்கு லாபம். இத்தனை பேர்தான் இந்த இடம் தாங்கும் என்று எண்ணிப் பார்க்காத நிர்வாகத்துக்கு லாபம். இரண்டு ராத்திரி தூங்காத டிரைவரிடம் மறுபடி சாவியைக் கொடுக்கும் வண்டி முதலாளிக்கு லாபம். மனிதன் செய்த பிழையை விதி என்று எழுதிவிட்டால் விசாரணையும் இல்லை, தண்டனையும் இல்லை, அடுத்த ஆண்டு திருத்தமும் இல்லை. இப்படிச் சாமியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, குற்றவாளி பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்கிறான். இதைப் பக்தி என்று யாராவது சொன்னால், நான் அதைத் தெய்வநிந்தனை என்று சொல்வேன்.

ஐயப்பன் கோயில் மரபையே எடுத்துக்கொள்வோம். மாலை போட்டவனை நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெற்ற தாய்கூட மகனை 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறாள். சாதி போய்விடுகிறது, வயசு போய்விடுகிறது, பணக்காரன் ஏழை போய்விடுகிறது, நாற்பத்தொரு நாளும் அவன் சாமி. அப்படியானால் புல்லுமேட்டில் மிதிபட்டது யார்? நூறு சாமிகள் அல்லவா! கல்லில் இருக்கும் சாமிக்கு ஒரு சொட்டு நெய் சிந்தினால் பரிகாரம் தேடுகிறோம். மூச்சுவிடும் நூறு சாமிகள் காலடியில் நசுங்கிச் செத்ததற்கு என்ன பரிகாரம் தேடினோம்?

தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2022 டிசம்பர் 23, ராத்திரி. சபரிமலை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நம் ஆண்டிபட்டிப் பக்கத்துப் பக்தர்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்தது. எட்டுப் பேர் செத்தார்கள். வீட்டுக்கு வந்து சேர இரண்டு மணி நேரப் பயணம்கூட மிச்சமில்லை. அந்த ஒரு வண்டிக்கு என்ன நேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கார்த்திகை பிறந்தால் தை வரைக்கும் இந்தக் கம்பம் சாலையில் ராத்திரி முழுக்க என்ன ஓடுகிறது என்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்கிவிடுவதோடு ஏற்பாடு முடிந்துவிடுகிறது. இருமுடி கட்டும்போது நெய்த்தேங்காய் சரியாக இருக்கிறதா என்று குருசாமி பத்துத் தடவை பார்க்கிறார். டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று ஒரு தடவை கேட்டிருக்கிறோமா? ஸ்டியரிங் பிடித்தவனும் மாலை போட்டவன்தானே?

'சபரிமலையை மட்டும் பேசுகிறாயே, மற்ற மதத்தைக் கேட்கத் துணிச்சல் இருக்கிறதா?' என்று ஒரு குரல் எழும். இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவுக்குப் போனால் புத்தி தெளியும் என்று எல்லா மதத்துக் குடும்பங்களும் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகள். காப்பகம் என்ற பெயரில் ஓலைக்கொட்டகை. காலில் சங்கிலி. விடியற்காலையில் தீப் பிடித்தது. ஓட முடியவில்லை. 28 பேர் கட்டிய சங்கிலியோடு கருகினார்கள். தர்கா அவர்களைக் கொன்றதா? இல்லை. ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி மனிதன் கைகழுவியது கொன்றது. பம்பையிலும் புல்லுமேட்டிலும் ஏர்வாடியிலும் ஆண்டவன் பெயர் வேறு வேறு, கைகழுவிய மனிதன் ஒருவன்தான்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். மதுரை மாவட்டம் பேரையூர், 2002 ஆகஸ்ட். குழிமாற்றுத் திருவிழா. நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளை மயக்க நிலையில் குழியில் படுக்க வைத்து, மேலே மண்ணைத் தள்ளி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார்கள். பிள்ளைக்கு நோய் தீர வேண்டும் என்று பெற்றவர்கள் வைத்த நேர்த்திக்கடன். அந்த விழாவில் மாநில அமைச்சர் ஒருவரும் கலந்துகொண்டார். பெற்றவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆஸ்பத்திரி எட்டாத ஊரில் ஏழைத்தாய்க்கு அம்மனைவிட்டால் யார்? ஆனால் அமைச்சரின் வேலை அங்கே போய் நிற்பதா, அந்தத் தாய்க்கு ஆஸ்பத்திரி கட்டித்தருவதா?

தாய்மார்களே, உங்களிடம் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். சித்திரையில் வீரபாண்டிக்குப் போகிறோம். முல்லையாற்றில் குளித்து, அந்தத் தண்ணீரை மொண்டு கோயிலில் நட்ட கம்பத்துக்கு ஊற்றுகிறோம். கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறோம். பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடுகிற இதே சீமையில்தான் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கமெல்லாம் பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் புகட்டினார்கள். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் தேனிக்கும் நீட்டினார்கள். நம் மாவட்டத்துக்கு அந்தத் தொட்டில் ஏன் தேவைப்பட்டது? வரதட்சணைக்குப் பயந்தோம், வறுமைக்குப் பயந்தோம். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களைக் கேள்வி கேட்காமல், வாயில்லாப் பிள்ளையின் உயிரைக் கொடுத்தோம். அம்மன் சிலைக்குச் சேலை சாத்தும் கைகள் வீட்டில் பிறந்த அம்மனைத் தூக்கிக்கொள்ளவில்லை என்றால், அந்தச் சேலையை அவள் ஏற்றுக்கொள்வாளா?

இதற்கு எதிரான மரபும் நம்முடையதுதான். 1867-ல் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. பசித்தவன் உயிரைக் காப்பதே வழிபாடு என்று சோற்றால் நிறுவிய மனிதர் அவர். பாலார்பட்டியில் பானை ஏற்றுகிறவர்கள் செய்வதும் அதே வழிபாடுதான். ஆகவே உயிரா, நம்பிக்கையா என்று யாரும் நம்மை மிரட்ட வேண்டாம். உயிரை முதலில் வைக்கும் நம்பிக்கை இந்த மண்ணில் வேர்பிடித்திருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு நாமும் ஒரு கடன்பட்டிருக்கிறோம். முல்லைப் பெரியாறு அணை கட்டும்போது காலராவிலும் மலேரியாவிலும் இன்னபிற நோய்களிலும் 483 பேர் செத்து, அணைக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார்கள் என்று கணக்கு இருக்கிறது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தவர்கள், காட்டு யானைக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் கல் அடுக்கியவர்கள். வீரபாண்டிக் கம்பத்துக்கு ஊற்றும் ஒவ்வொரு குடம் தண்ணீரிலும் அவர்கள் உயிர் கலந்திருக்கிறது. பொறியாளருக்கு மணிமண்டபம் கட்டினோம், நல்லது. கூலிக்காரன் உயிருக்கு ஒரு கல்லாவது நட்டோமா? பெரிய மனிதனின் உயிரை மட்டும் எண்ணுவதும் உயிரை மதிப்பதாகாது.

எனவே இந்தக் கூட்டத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: சபரிமலைக் காலத்தில் கம்பத்திலும் கூடலூரிலும் டிரைவர்கள் படுத்துத் தூங்க இடம் வேண்டும். பக்தர்களுக்கு அன்னதானம் போடும் தர்மவான்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அதே பந்தலில் பத்துக் கட்டில் போடுங்கள். தூங்காத டிரைவரை மலையேற விடாதீர்கள். குருசாமிகள் இதை விரதத்தின் ஒரு பகுதியாக்க வேண்டும்.

இரண்டு: வீரபாண்டி ஆனாலும் குச்சனூர் ஆனாலும் எந்தத் திருவிழா ஆனாலும், அந்த இடம் எத்தனை பேரைத் தாங்கும், வெளியேற எத்தனை வழி, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே பலகையில் எழுதி வைக்க வேண்டும். யார் பொறுப்பு என்ற பெயரும் அதில் இருக்க வேண்டும்.

மூன்று: மூடநம்பிக்கைக் கொடுமைகளுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு ஒரு சட்டம் வேண்டும். 2022-ல் பத்தனம்திட்டா மாவட்டம் இலந்தூரில் செல்வம் பெருகும் என்று நம்பி இரண்டு பெண்களை நரபலி கொடுத்தார்கள். லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்த ஏழைப் பெண்கள், அவர்களில் ஒருவர் நம் தருமபுரிக்காரர். மகாராஷ்டிரத்தில் நரேந்திர தபோல்கர் இப்படிப்பட்ட கொடுமைகளுக்கு எதிராகச் சட்டம் கேட்டுப் போராடினார். 2013 ஆகஸ்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டே அங்கே சட்டம் வந்தது. கர்நாடகம் 2017-ல் நிறைவேற்றியது. பெரியார் பிறந்த தமிழ்நாடு ஏன் காத்திருக்கிறது? பிணம் விழுந்த பிறகு கொலை வழக்குப் போட ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. பிணம் விழுவதற்கு முன், ஆசைகாட்டிப் பயமுறுத்தும் மந்திரவாதியின் கையைப் பிடிக்கத்தான் புதுச் சட்டம் கேட்கிறோம்.

நான்கு: அணை வேலையில் செத்த அந்த 483 பேருக்கு லோயர்கேம்ப் மணிமண்டபத்தில் ஒரு கல் வைக்க வேண்டும். அடுத்த ஜனவரி 15-ல் முதல் மாலை அந்தக் கல்லுக்கு விழ வேண்டும்.

இவை அரசிடமும் ஊரிடமும் கேட்பவை. உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி யாராவது அதிகாரத்தில் இருப்பவன் உங்கள் வீட்டுச் சாவைப் பார்த்து 'சாமி கூப்பிட்டுக்கொண்டது' என்று சொன்னால், தலையாட்டாதீர்கள். 'பாதையில் விளக்கு ஏன் இல்லை' என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். எழுதிக் கேளுங்கள், கூட்டமாகப் போய்க் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வரும்போது வாசலில் நிறுத்திக் கேளுங்கள்.

இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதி இன்றே மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும் என்று முன்மொழிகிறேன். ஏற்றுக்கொள்பவர்கள் கை தூக்குங்கள். தூக்கிய கையோடு மேடைக்கு வந்து கையெழுத்தும் போட்டுவிட்டுப் போங்கள்.