பெட்டிக்குள் இல்லாத மத்தளம்

வானொலியில் ஒரு பாட்டுக் கேட்கிறீர்கள். குழல் இழைகிறது, வயலின்கள் கூட்டமாய் எழுகின்றன, அடியில் மேளம் அதிர்கிறது. இத்தனை பேரும் எங்கே கூடி வாசித்தார்கள் என்று எண்ணுகிறோம். பல பாடல்களில் அப்படி ஒருவரும் கூடவில்லை. இருந்தது ஒரு பெட்டி.

19 அங்குல அகலச் சட்டத்தில் திருகி வைக்கும் சிந்தசைசர்ப் பெட்டி அது. வாசிக்கும் கட்டைகள் அதில் இல்லை. சில பொத்தான்கள், ஒரு சிறு திரை, அவ்வளவுதான். கீபோட்டிலிருந்தோ கணினியிலிருந்தோ 'மிடி' வடம் வழியே அதற்குக் கட்டளை வருகிறது. 1983 இல் அறிமுகமான மிடி, ஒலியைக் கொண்டு செல்வதில்லை. 'இந்தச் சுரத்தை இந்த அழுத்தத்தில் தொடங்கு, இப்போது நிறுத்து' என்ற செய்தியை மட்டுமே கொண்டு செல்கிறது. ஒலி பெட்டிக்குள்ளே பிறக்கிறது. யப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1994 இல் வெளியிட்ட ஜேவி-1080, ஒரே வேளையில் 64 குரல்கள் வரை எழுப்பும். 16 வாத்தியங்களைத் தனித்தனியே நடத்தும். ஒரு வாத்தியக் குழுவையே மேடைக்குக் கையிற் சுமந்து போகலாம் என்றாயிற்று.

வசதியற்ற இடத்துக்கு இது வரம்தான். 1990களில் வன்னியின் பெரும்பகுதியில் மின்சாரம் இல்லை; பற்றரிகளுக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களுக்கு, இருபது கலைஞரை ஓரிடத்தில் கூட்டும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் பெட்டிக்குள் எந்த ஒலிகள் இருக்கவேண்டும் என்று தீர்மானித்தவர் யார்? 1991 இல் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக 128 ஒலிகளின் பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டது. முதலிடம் பியானோவுக்கு. சித்தார் உண்டு, ஷெனாய் உண்டு, யப்பானியரின் கொட்டோவும் உண்டு. ஹெலிகொப்டர் இரைச்சலும் துப்பாக்கி வெடியும் கூட உண்டு. நாதஸ்வரம் இல்லை, மத்தளம் இல்லை, பறையும் உடுக்கும் இல்லை. வன்னி மக்கள் கேட்டு நடுங்கிய இரண்டு சத்தங்களுக்கு இடமிருந்தது. கோயில் வீதியில் அவர்கள் காத்திருந்து கேட்ட ஒலிகளுக்கு இடமில்லை.

இதிற் பெட்டியின் குற்றம் எதுவுமில்லை. எவரோ ஒருவர் ஒலிவாங்கி வைத்துப் பதிந்ததையோ, கணக்கிட்டு உருவாக்கியதையோதான் அது தரும். முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்படும் கோவலன் கூத்தின் மத்தளத்தை, அடிக்கத் தெரிந்த கைகள் உள்ளபோதே, ஒவ்வோர் அடியாகப் பதிந்து வைக்கலாம். இன்று அதற்குக் கைத்தொலைபேசியும் அமைதியான ஓர் அறையும் இருந்தால் தொடங்கிவிடலாம். பாடுபவர் மூச்சுக்கும் ஆடுபவர் காலுக்கும் இசைந்து அடியை நீட்டும் பக்குவம் பதிவில் வராது. அதை அண்ணாவியாரிடம் இருந்துதான் பழகவேண்டும். இரண்டையும் செய்யாது விட்டால், நாளை கூத்துக்கு இசையமைக்கும் பிள்ளை வேறு நாட்டு முழவைத்தான் தேடி எடுப்பான். அவனை நாம் குறை சொல்ல முடியாது.