‘அன்புக்குரியவர்’ என்றொரு குடும்பப் பெயர்



பிரான்ஸ் நாட்டில் ஒரு குடும்பப் பெயர் உண்டு. பியெனெமே. பிரித்துப் பார்த்தால் பொருள் உடனே விளங்கிவிடும். ‘பியென்’ என்றால் நன்றாக. ‘எமே’ என்றால் நேசிக்கப்பட்டவர். நம் தமிழில் ‘அன்புக்குரியவர்’ என்று சொல்லலாம். இவ்வளவு இனிமையான பெயர் நாடு முழுவதும் பரவியிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் பிரான்சில் அது அரிய பெயர். ‘மார்த்தேன்’, ‘பெர்னார்’ போன்ற பெயர்கள் தொலைபேசிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக ஓடும். பியெனெமேயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

குடும்பப் பெயர்கள் ஏன் அரிதாகின்றன, ஏன் ஒருநாள் அடியோடு மறைந்துபோகின்றன என்ற கேள்விக்கு முதன்முதலில் கணக்குப் போட்டு விடை சொன்ன மனிதரின் பெயரும் பியெனெமேதான். அவர் சொன்ன விடையை உலகம் நூறாண்டுக்கும் மேலாக மறந்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இன்றைய உரை.

முதலில் பெயர் பிறந்த கதை. பண்டைய பிரான்சில் ஊர் மக்களுக்குத் திருமுழுக்கின்போது சூட்டிய ஒற்றைப் பெயர்தான். ஓர் ஊரில் பத்து ‘ஜான்’கள் இருந்தால் என்ன செய்வது? கொல்லரை ‘லெஃபேவ்ர்’ என்றார்கள். காட்டருகே குடியிருந்தவர் ‘துய்புவா’. குள்ளமானவர் ‘பெத்தி’. இப்படி ஒட்டிக்கொண்ட அடையாளங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கின. பியெனெமேயும் அப்படி அன்போடு அழைத்த பெயராகவோ, குழந்தைக்கு ஆசையாகச் சூட்டிய பெயராகவோ தொடங்கியதுதான்.

1539ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் பிரான்சுவா வில்லேர்-கொத்தரே என்னும் இடத்தில் ஓர் ஆணை பிறப்பித்தார். தேவாலயங்கள் திருமுழுக்குப் பதிவேடு வைத்தே ஆக வேண்டும் என்றது அது. பெயர் ஏட்டில் ஏறிய பிறகு மாற்றுவது கடினமாயிற்று. புரட்சிக் காலத்தில், 1794 ஆகஸ்ட் 23ஆம் நாள் வந்த சட்டம் இன்னும் கடுமையானது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அது தடுத்துவிட்டது.

எழுத்துக் கூட்டும் அப்படியே உறைந்துபோனது. ‘பியெனெமே’யை ஒரு குமாஸ்தா ஒருவிதமாக எழுதினார், அடுத்த ஊர் குமாஸ்தா வேறுவிதமாக எழுதினார். உச்சரிப்பு ஒன்றுதான், ஆனால் அரசாங்க ஏட்டில் அவை தனித்தனிக் குடும்பங்கள். ஏற்கெனவே அரிய பெயர், எழுத்து வேறுபாட்டால் இன்னும் சில கூறுகளாகப் பிரிந்துபோனது.

பதிவேடுகளை நம்பி வம்சத்தைத் தேடுவோருக்குப் பாரிஸ் நகரம் ஒரு பெரிய வெற்றிடம். 1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் கலவரத்தின் இறுதி நாள்களில், நகர மண்டபம் தீக்கிரையானது. நீதிமன்றத்தில் வைத்திருந்த இரண்டாம் படியும் எரிந்தது. ஏறத்தாழ 8 மில்லியன் பதிவுகள் சாம்பலாயின. பிறகு மூன்றில் ஒரு பங்கை மட்டுமே மீட்டு எழுத முடிந்தது. 1877ஆம் ஆண்டில் வீட்டுக்கொரு குடும்ப ஏடு கொடுக்கும் வழக்கம் அந்த நெருப்பின் பாடத்திலிருந்து வந்தது. இன்றும் பிரெஞ்சுத் தம்பதியர் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

இனி நம் கதாநாயகர். இரேனே-ஜூல் பியெனெமே 1796ஆம் ஆண்டு பாரிசில் பிறந்தவர். 1814இல் எதிரிப் படைகள் பாரிசைச் சூழ்ந்தபோது தற்காப்பில் பங்கெடுத்த இளைஞர். மறு ஆண்டு புகழ்பெற்ற எக்கோல் பொலித்தெக்னிக் கல்லூரியில் சேர்ந்தார். 1816இல் நெப்போலியன் ஆதரவாளர்கள் என்று மன்னராட்சி மொத்த மாணவர்களையும் வெளியே அனுப்பியது. பின்னர் நிதி அமைச்சில் சேர்ந்து தலைமை ஆய்வாளர் வரை உயர்ந்தார். 1848 புரட்சியில் ஆட்சி மாறியதும் அந்தப் பதவியும் போயிற்று. அரசியல் அவரை இரண்டு முறை கதவுக்கு வெளியே தள்ளியிருக்கிறது.

பதவி போவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1845இல், பாரிஸ் அறிவியல் கழகம் ஒன்றில் அவர் ஒரு சிறு குறிப்பைப் படித்தார். அப்போது பிரான்சில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பழைய பிரபுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அற்றுப்போகின்றன. சுகபோகத்தால் இரத்தம் கெட்டுவிட்டது என்றார்கள் சிலர். பியெனெமே அந்தப் பேச்சை ஏற்கவில்லை. எவரும் கெட்டுப்போக வேண்டியதில்லை, குருட்டு வாய்ப்பு ஒன்றே போதும் என்றார் அவர்.

எப்படி? நேயர்கள் ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்க்கலாம். நூறு குடும்பங்கள், நூறு வெவ்வேறு பெயர்கள். ஒவ்வொன்றிலும் பெயர் சொல்ல ஓர் ஆண்மகன். ஒவ்வொருவருக்கும் சரியாக இரண்டு பிள்ளைகள். எல்லாரும் நலமாக வளர்ந்து மணம் முடிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மக்கள்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெயர் மகன் வழியில் மட்டுமே செல்லும். இரண்டும் பெண்ணாகப் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டல்லவா? ஆக முதல் தலைமுறையிலேயே 25 பெயர்கள் போய்விடும். இரண்டாம் தலைமுறையின் முடிவில் மிஞ்சுபவை சுமார் 61. மூன்றாம் தலைமுறையில் 52. பத்தாம் தலைமுறையில், நூற்றில் ஏறக்குறைய 26 பெயர்கள்தான் இருக்கும். மனிதர்கள் குறையவில்லை, பெயர்கள்தான் குறைந்தன. மிஞ்சிய பெயர்களைத் தாங்குவோர் கூடிக்கொண்டே போகிறார்கள்.

ஆளுக்கு மூன்று பிள்ளைகள் என்றால்? அப்போதும் நூற்றில் 24 பெயர்கள் தப்பாது. ஆனால் மற்றவை நிலைத்துவிடும். பியெனெமே கண்ட விதி இதுதான். சராசரியாக ஒருவருக்கு ஒரு மகன் அல்லது அதற்கும் குறைவு என்றால், காலம் எவ்வளவு எடுத்தாலும் அந்தப் பெயர் மறைவது உறுதி. ஒன்றுக்கு மேல் என்றால் தப்பிக்க வழியுண்டு. 2020இல் கொவிட் பெருந்தொற்று நாள்களில், ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைப் பரப்புகிறார், அந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்கியதா என்று செய்தியில் தினமும் சொன்னார்களே, அதுவும் இதே கணக்குத்தான்.

சிறு குறிப்பு யார் கண்ணிலும் படவில்லை. 1873இல் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்ட்டன் அதே கேள்வியைப் புதிதாக எழுப்பினார். வாட்சன் என்னும் பாதிரியார் விடை எழுதினார். வழி சரி, முடிவு தவறு! எல்லாப் பெயர்களும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று எழுதிவிட்டார். பியெனெமே கால் நூற்றாண்டுக்கு முன்பே சரியாகச் சொன்ன இடம் அது. பிறகு டென்மார்க்கில் எர்லாங் என்னும் தொலைபேசி நிறுவனக் கணித அறிஞர் இதே கேள்வியைக் கையில் எடுத்தார். அவருடைய தாயாரின் குடும்பப் பெயரான ‘க்ராருப்’ அப்போது அருகிக்கொண்டிருந்தது. அதே நாட்டின் ஸ்டெஃபென்சன் 1930இல் முழு நிரூபணம் கொடுத்தார். ஆனால் எல்லாப் பாடநூல்களிலும் நின்றது கால்ட்டன், வாட்சன் பெயர்கள்தாம். 1970களில்தான் ஹைட், செனெட்டா என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டி பியெனெமேயை வெளியே கொண்டு வந்தார்கள்.

இன்னொரு கணிதத் தேற்றத்திலும் இதே கதை. 1853இல் அவர் வெளியிட்டதை 1867இல் ரஷ்யாவின் செபிஷேவ் தனி வழியில் கண்டார். பெருந்தன்மையான செபிஷேவ், முதலில் கண்டவர் பியெனெமே என்று பின்னர் எழுதியே வைத்தார். இருந்தும் மாணவர்கள் இன்றும் செபிஷேவ் பெயரைத்தான் அதிகம் படிக்கிறார்கள். பியெனெமே அடக்கமாக இருந்தார், நிறுவ வேண்டியதை விரிவாக எழுதாமல் விட்டார்; அதற்குக் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்தான்.

பியெனெமே 1878இல் காலமானார். பெயர்களின் அழிவைக் கணக்கைவிடக் கொடூரமாகக் காட்டிய நிகழ்வை அவர் பார்க்கவில்லை. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் 1.3 மில்லியனுக்கும் அதிகமான பிரெஞ்சு வீரர்கள் மாண்டார்கள். சின்னஞ்சிறு கிராமங்களின் நினைவுத் தூண்களில்கூட ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை செதுக்கப்பட்டிருக்கும். அண்ணனும் தம்பியும் போனால் அந்தப் பெயரும் போயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றம் இதைச் சும்மா விடவில்லை. 1923 ஜூலை 2ஆம் நாள் ஒரு சட்டம் நிறைவேறியது. நாட்டுக்காக உயிர்விட்டவர் தம் பெயரின் கடைசி ஆண் வாரிசாக இருந்து, பிள்ளையின்றி இறந்திருந்தால், நெருங்கிய உறவினர் அந்தப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம். மகள் வயிற்றுப் பேரனும் கேட்க வழி பிறந்தது. பிள்ளையை இழந்த தாய்க்கு அரசாங்கம் கொடுத்த ஆறுதல்களில், பதக்கத்தைவிட இது பெரியது.

ஓர் இடத்தில் அருகும் பெயர், வேறிடத்தில் ஆலமரமாகவும் தழைக்கும். பிரான்சின் பெர்ஷ் பகுதியிலிருந்து 1647இல் கனடாவுக்குக் கப்பலேறியவர் பியேர் திரம்ப்ளே. சிறு காற்றுக்கும் இலை நடுங்கும் ஒருவகை மரம் அடர்ந்த இடம் என்பது அந்தப் பெயரின் பொருள். 1657இல் மணம் முடித்த அவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். இன்று கியூபெக் மாநிலத்தில் முதலிடத்தில் உள்ள குடும்பப் பெயர் திரம்ப்ளே. அங்கே நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் அந்த ஒரே மனிதரின் பெயரைத் தாங்குகிறார்! பியெனெமேக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. பிரான்சில் அரிதான ‘பியென்-எமே’, கடல் கடந்த ஹைத்தியில் பலர் சொல்லக் கேட்கும் பெயர். அடிமைத்தளையை உடைத்து 1804இல் விடுதலை பெற்ற நாடு அது. அங்கே சூட்டிய பெயர்களே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் தந்தை பெயரைப் பின்னால் எழுதுகிறோம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். அதனால் அழிந்துபோகக் குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மில் பலருக்கு இல்லை. ஆனால் புதுச்சேரித் தமிழர்களில் ஒரு சாராருக்கு உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, சாதி வழக்கங்களை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் ஒரு குடும்பப் பெயரும் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னணியில் நின்றவர் வழக்குரைஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. காலணி அணிந்து நீதிமன்றத்தில் நின்றதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர். அவர் தேர்ந்தெடுத்த பெயர் ‘லாபோர்த்’. வாசல் என்று பொருள்! மற்ற பிரெஞ்சுப் பெயர்களில் பெரும்பாலானவற்றின் பிறப்பை நாள் குறித்துச் சொல்ல முடியாது. இந்தப் பெயர்களுக்கோ பத்திரமும் தேதியும் உண்டு. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகள் இன்று பிரான்சிலும் அந்தப் பெயர்களோடு வாழ்கிறார்கள்.

சரி, இன்று எந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பிரான்சின் தேசியப் புள்ளிவிவர நிறுவனம் 1891 முதல் 2000 வரை பிறந்தவர்களின் பெயர்களைப் பத்தாண்டு பத்தாண்டாகத் தொகுத்திருக்கிறது. பட்டியலில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள். கொரியாவில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முன்னூறுக்கும் குறைவான குடும்பப் பெயர்களே இருந்தன. ஐந்தில் ஒருவர் ‘கிம்’. அதோடு ஒப்பிட்டால் பிரான்ஸ் பெரும் செல்வந்தர். ஆனால் மொத்தம் 30 பிறப்புகூட இல்லாத பெயர்களை அந்தப் பட்டியல் தனியாகக் காட்டுவதில்லை. ‘பிற பெயர்கள்’ என்று ஒரே வரியில் சேர்த்துவிடும். தம் பெயரைத் தேடிப் போய் அங்கே காணாமல் திரும்புவோர் அந்த ஒற்றை வரிக்குள்தான் இருக்கிறார்கள்.

பியெனெமேயின் கணக்கில் ஓர் அடிப்படை இருந்தது: பெயர் மகன் வழியில் மட்டுமே செல்லும் என்பது. அந்த அடிப்படையையே பிரான்ஸ் இப்போது மாற்றிவிட்டது. 2005 ஜனவரி முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைக்குத் தந்தை பெயர், தாய் பெயர், அல்லது இரண்டையும் சூட்டலாம். பெற்றோருக்குள் ஒத்துவரவில்லை என்றால் இரண்டு பெயர்களையும் அகர வரிசைப்படி வைக்க வேண்டும் என்று 2013இல் திருத்தம் வந்தது. 2022 ஜூலை முதல் நாளிலிருந்து வயது வந்த எவரும் தாயின் பெயரைத் தமக்கு மாற்றிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, நீதிமன்றம் போக வேண்டியதில்லை. நகராட்சியில் ஒரு படிவம் போதும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இந்த வாய்ப்பு. மனு கொடுத்து ஒரு மாதமாவது கழித்து, மனம் மாறவில்லை என்று நேரில் போய் உறுதி சொல்ல வேண்டும்.