கோழியோட மூச்சுக்கு ராத்திரியில காது கொடுங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



மைக் பிடிச்சுப் பேசுறது எனக்கு இதுதான் முதல் தடவை. கோழியைப் பத்திப் பேசுன்னு சொன்னாங்க. சிரிக்காதீங்க. ஏரியில எறா கிடைக்காத மாசத்துலயும், ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் கடல்ல தடைக்காலம் இருக்கிறப்பவும், நம்ம கையில நாலு காசு தர்றது முட்டையும் கோழியும்தான். அந்தக் காசு யாரையும் கேட்காம நாம எடுத்துச் செலவு பண்ற காசு. அதனால கோழி செத்தா அது சின்ன நஷ்டம் இல்லை.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். என் கோழிக்கூட்டுல தண்ணி ஏறி பாதிக் கோழி போச்சு. குழுவுல உள்கடன் 5,000 ரூபாய் வாங்கி மறுபடியும் ஆரம்பிச்சேன். சந்தையில வாங்கிட்டு வந்த ரெண்டு பெட்டையை அன்னைக்கே பழைய கோழிங்களோட ஒண்ணா அடைச்சேன். அதுதான் நான் பண்ண முதல் தப்பு. ரெண்டு நாள் கழிச்சு ராத்திரியில கூட்டுக்குள்ள ‘கர்ர், கர்ர்’னு ஒரு சத்தம். ஈரத்துல சளி புடிச்சிருக்கும்னு நினைச்சுத் தூங்கிட்டேன். அது ரெண்டாவது தப்பு.

மூணாவது தப்பைச் சொல்லத்தான் வெட்கமா இருக்கு. ரெண்டு கோழி சொக்கி நின்னதும், மத்ததும் போறதுக்குள்ள காசாக்கிடலாம்னு, பார்க்க நல்லா இருந்த நாலு கோழியைப் பக்கத்துக் குப்பத்து அக்கா ஒருத்தவங்களுக்கு வித்துட்டேன். ஒரு வாரத்துல என் வீட்டுல 22 கோழியில மூணுதான் மிச்சம். அந்த அக்கா வீட்டுலயும் சீக்கு பரவி எல்லாம் போச்சு. அவங்க இதே கூட்டத்துல உட்கார்ந்திருக்காங்க. காசைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ஆனா அவங்க கோழியை என்னால திருப்பிக் கொடுக்க முடியலை. அதனாலதான் இன்னைக்குப் பேச ஒத்துக்கிட்டேன்.

அதுக்கப்புறம் கால்நடை மருத்துவர்கிட்ட கேட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. வாயைத் திறந்து மூச்சு விடுற கோழியெல்லாம் சீக்குக் கோழி இல்லை. கத்திரி வெயில்ல கோழி இறக்கையை அகட்டிக்கிட்டு, அலகைத் திறந்து இளைக்கும். கோழிக்கு வேர்வை கிடையாது, அப்படித்தான் சூட்டைத் தணிச்சுக்கும். நிழலும் தண்ணியும் கொடுத்தா சாயங்காலம் சரியாகிடும். ஆனா குளிர்ந்த நேரத்துலயும் வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலயும் கீழயும் ஆடினா, அது மூச்சுத் திணறல்.

பகல்ல கோழி தன் நோவை மறைச்சுக்கும். இளைச்சுப் போனதை மத்த கோழிங்க கொத்தும், அதனால நல்லா இருக்கிற மாதிரியே திரியும். ராத்திரியில மறைக்க முடியாது. கோழி அடைஞ்சு அரை மணி நேரம் கழிச்சு, டிவி சத்தத்தை நிறுத்திட்டு, கூட்டுப் பக்கத்துல ரெண்டு நிமிஷம் நில்லுங்க. தும்மல், குறட்டை, கர்ர் சத்தம் கேட்குதான்னு பாருங்க. கையை விட்டு இரைப்பையைத் தொட்டுப் பாருங்க. நிறைஞ்சிருந்தா அன்னைக்கு நல்லா மேய்ஞ்சிருக்கு. காலியா இருந்தா அந்தக் கோழி மேல ஒரு கண் வைங்க.

காலையில கூட்டைத் திறக்கும்போது கோழி நிக்கிற உயரத்துக்குக் குனிங்க. எச்சத்தோட நெடி உங்க கண்ணைக் கரிச்சா, அது ராத்திரி முழுக்கக் கோழியோட மூச்சுக்குழாயையும் அரிச்சிருக்கு. மழைக்குத் தார்பாய் போட்டு நாலு பக்கமும் மூடாதீங்க, மேல காத்து போக வழி விடுங்க. கீழே உமி காய்ஞ்சு இருக்கணும். பூஞ்சை புடிச்ச தீவனமும் உமியும் நுரையீரலைக் கெடுக்கும்.

இப்போ நோயைப் பார்ப்போம். முகம் வீங்கி, மூக்குல நாத்தமடிக்கிற சளி வந்தா கொரைசா. வாரக்கணக்குல இருமல், கண்ணுல நுரை இருந்தா நாள்பட்ட சளி நோய். இந்த ரெண்டுக்கும் டாக்டர் மருந்து கொடுப்பாங்க. கொண்டையில கொப்புளம் வந்தா அம்மை, அதைக் கொசு பரப்பும். சில கோழிக்குத் தொண்டைக்குள்ள மஞ்சளாப் படிஞ்சு மூச்சு அடைக்கும். கர்ர் சத்தத்தோட வெள்ளையும் பச்சையுமாக் கழிஞ்சு, கழுத்து திருகி, காலும் இறக்கையும் இழுத்துக்கிட்டா அது வெள்ளைக் கழிச்சல். ராணிக்கேத் நோய்னு சொல்றதும் இதைத்தான். என் வீட்டுக்கு வந்தது அதுதான். வந்த பிறகு அதுக்கு மருந்தே இல்லை. நமக்கு வாங்கின மாத்திரையைப் பாதி உடைச்சுப் போடுறது, மஞ்சளும் பூண்டும் அரைச்சுக் கொடுக்கிறது எதுவும் அதைக் குணமாக்காது. தடுப்பூசி ஒண்ணுதான் வழி.

குஞ்சு பொரிச்ச ஏழாம் நாள் கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு மருந்து. எட்டாவது வாரம் இறக்கையில ஊசி. அப்புறம் கால்நடைத் துறை வருஷா வருஷம், பெரும்பாலும் பிப்ரவரியில, ரெண்டு வாரம் இலவச முகாம் நடத்துறாங்க. சீக்கு வர்றதுக்கு முன்னாடியே, நல்லா இருக்கிற கோழிக்குத்தான் போடணும்.

இங்கதான் குழுவோட வேலை இருக்கு. மருந்துக் குப்பி ஒண்ணுல நூறு கோழிக்கு மேல போடுற அளவு இருக்கும். கலக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். எட்டுக் கோழி வச்சிருக்கிற ஒருத்தி தனியா என்ன பண்ணுவா? பத்து வீடு சேர்ந்தா ஒரு குப்பி வீணாகாது. குளிர்ச்சி போனா மருந்து செத்துடும். ஐஸ் இல்லாம மீனை ஏலத்துக்கு எடுத்துட்டுப் போவோமா? இதுவும் அப்படித்தான். சுத்தமான பெட்டியில ஐஸ் வச்சு எடுத்துட்டு வரணும். அது நமக்குத் தெரியாத வேலை இல்லை.

இன்னொண்ணு. குளிர்காலத்துல நம்ம ஏரிக்குப் பூநாரையும் காட்டு வாத்தும் வருது. அது நம்ம ஊருக்கு அழகு. ஆனா பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவை மூலமாவும் வரலாம். 2024 பிப்ரவரியில நம்ம ஏரிக்கு வடக்கே நெல்லூர் மாவட்டத்துல அது வந்தது. வாத்து கூடுற தண்ணிக்குக் கோழியை விடாதீங்க. திடீர்னு ஒரே நாள்ல நிறைய செத்து, கொண்டை நீலம் பாரிச்சிருந்தா, தொடாதீங்க, அறுக்காதீங்க. பிள்ளைகளையும் கிட்ட விடாதீங்க. 1962-க்கோ கால்நடை மருந்தகத்துக்கோ உடனே சொல்லுங்க.

கடைசியா நான் கேட்டுக்கிறது நாலே விஷயம்.

வெளியிலேர்ந்து வந்த கோழியை மூணு வாரம் தனியா வைங்க.

சத்தம் கேட்ட அன்னைக்கே அந்தக் கோழியைப் பிரிச்சு வைங்க. நல்ல கோழிக்கு முதல்ல தீனி வச்சிட்டு, அப்புறம் சீக்குக் கோழிகிட்ட போங்க. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க.

செத்த கோழியை ஏரியில வீசாதீங்க. ஆழமாக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. அந்த ஏரியிலதான் நாம இறங்கி எறா பிடிக்கிறோம்.

நாலாவது, சீக்கு வந்தா மறைக்காதீங்க, விக்காதீங்க. அடுத்த குழுக் கூட்டம் வரைக்கும் காத்திருக்காம பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்க. நான் அன்னைக்கு வாயைத் திறந்து சொல்லியிருந்தா, அந்த அக்கா வீட்டுக் கோழியாவது பிழைச்சிருக்கும்.

இப்போ அவங்களும் நானும் சேர்ந்துதான் தடுப்பூசிக்குப் பேர் எழுதுறோம். உங்க குப்பத்துலயும் ஒருத்தர் எழுத ஆரம்பிங்க. இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் கூட்டுக்கிட்ட ரெண்டு நிமிஷம் நில்லுங்க.