பாசறைக் கட்டணமும் ஊரவர் கடமையும்

பாடசாலைக்கு விடுமுறை விடப்படும் நாள் பிள்ளைகள் யாவர்க்கும் ஒன்றே. ஆயின், விடுமுறை யாவர்க்கும் ஒரே வகையாய் அமைவதில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளை மலைநாட்டிற்கோ கடற்கரைக்கோ செல்லும். கூலித் தொழிலாளியின் பிள்ளை நெருக்கமான தெருவிலே பொழுதைப் போக்கும். இவ்வேற்றுமையைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று விடுமுறைப் பாசறை. திறந்த வெளியிலே பலரோடு கூடி உண்டும், உழைத்தும், விளையாடியும் வாழும் சில நாட்கள், வகுப்பறை தர இயலாத கல்வியைத் தருவன.

எனினும், பாசறைக்குச் செலவு உண்டு. உணவு, பயணம், தங்குமிடம், மேற்பார்வை என்னும் நான்கிற்கும் பொருள் வேண்டும். அதனை முற்றாகப் பெற்றோரே கொடுக்கவேண்டும் என்றால், பாசறையாற் பெரும்பயன் அடையவேண்டிய பிள்ளையே வெளியில் நின்றுவிடும். இவ்விடரைப் பிற நாட்டவர் தீர்த்த வகை அறியத்தக்கது.

சுவிற்சர்லாந்து தேசத்துச் சூரிச் நகரிலே வால்ற்றர் பியோன் என்னும் போதகர் இருந்தார். நகரத்து வறிய பிள்ளைகள் விடுமுறைக் காலத்திலும் மெலிந்து வாடுவதைக் கண்டு, பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களிடம் பொருளுதவி வேண்டினார். மக்கள் மனமுவந்து கொடுத்தனர். 1876 ஆம் ஆண்டிலே 68 சிறுவர் சிறுமியர், ஆசிரியர்களின் துணையோடு, அப்பென்செல் மலைப்பகுதிக்குச் சென்று தங்கினர். இம்முயற்சி பின்னர் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் முதலிய நாடுகளுக்கும் பரவியது.

அதற்கு அடுத்த ஆண்டில், அமெரிக்காவிலே வில்லாட் பாசன்ஸ் என்னும் போதகர் வேறொரு வழியைக் கண்டார். பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள சேர்மன் என்னுஞ் சிற்றூர் மக்களிடம் அவர் வேண்டியது பணமன்று. நியூயோர்க் நகரத்து ஏழைப் பிள்ளைகளைத் தத்தம் இல்லங்களில் விருந்தினராக ஏற்குமாறே வேண்டினார். தங்குமிடச் செலவும் உணவுச் செலவும் ஒருங்கே நீங்கின. 1877 இல் இவ்வாறு தொடங்கிய தொண்டு ‘தூய காற்று நிதியம்’ என்னும் பெயரோடு இன்றும் நடைபெறுகின்றது. பிற்காலத்திலே அந்நிதியம் தனக்கெனப் பாசறைகளையும் அமைத்துக்கொண்டது.

மூன்றாவது எடுத்துக்காட்டு இங்கிலாந்திற்கு உரியது. 1907 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே, பிறவுன்சீத் தீவில் பேடன் பவல் பிரபு ஒரு பாசறையை நடத்தினார். சாரணர் இயக்கத்திற்கு வித்திட்டது அதுவே. உயர்ந்த கட்டணப் பாடசாலைகளிற் பயின்ற செல்வச் சிறுவரும், தொழிலாளர் குடும்பத்துச் சிறுவரும் அங்கே கூடினர். முன்னவர் செலுத்திய கட்டணம் 1 பவுண். பின்னவர் செலுத்தியது 3 சிலிங் 6 பென்சு. அஃதாவது ஆறிலொரு பங்கிற்குச் சற்றே கூடியது. அவரவர் தோளில் அணிந்த வண்ண நாடா இன்ன அணியினர் என்பதைக் காட்டியதேயன்றி, இன்ன கட்டணம் செலுத்தியவர் என்பதைக் காட்டவில்லை. பாசறையின் முடிவிலே துண்டு விழுந்த 24 பவுணுக்கு மேற்பட்ட தொகையை, அங்குத் தம் மைந்தர் இருவரை அனுப்பியிருந்த ஒருவர் செலுத்தித் தீர்த்தார்.

இம்மூன்றிலும் பொதுவாய் விளங்கும் உண்மை ஒன்று உண்டு. செலவு குறைந்ததாற் பிள்ளைகள் சேர்ந்தனர் என்பதன்று. செலவைத் தாங்கும் தோள்கள் பலவாயின என்பதே அது. சூரிச் மக்கள் பொருள் கொடுத்தனர். சேர்மன் மக்கள் வீட்டைத் திறந்தனர். பிறவுன்சீயிலே இருப்பவர் கூடக் கொடுத்து, இல்லாதவர் இயன்றது கொடுத்தனர்.

இவ்வழிகள் எவ்வூருக்கும் பொருந்துவனவே. விடுமுறையிற் பூட்டிக் கிடக்கும் பாடசாலைக் கட்டடம் தங்குமிடமாகலாம். கமக்காரர் நெல்லும் காய்கறியும் கொடுக்கலாம். கடற்றொழிலாளர் மீன் கொடுக்கலாம். வாகனம் உடையவர் ஒருநாட் பயணத்தை ஏற்கலாம். இளைப்பாறிய ஆசிரியர் மேற்பார்வை செய்யலாம். இவ்வாறு பண்டமாகவும் உழைப்பாகவும் வருவனவற்றைக் கழித்துவிட்டாற் பணமாகத் திரட்டவேண்டிய தொகை சிறிதாகும். வரவு செலவுக் கணக்கை ஊரவர் முன் வைத்தால், அடுத்த ஆண்டு கேளாமலே உதவி வரும்.

ஆயினும், உதவி செய்வோர் காக்கவேண்டிய நெறி ஒன்று உண்டு. சலுகை பெற்ற பிள்ளையின் பெயரைக் கூட்டத்திலே வாசிப்பதும், கொடையாளர் முன் அப்பிள்ளையை நிறுத்தி நன்றி கூறச் செய்வதும், கொடுத்ததைப் பறிப்பதற்கு ஒப்பாகும். யார் எவ்வளவு செலுத்தினார் என்பது பொறுப்பாளர் ஒருவரோடு அமைதல் வேண்டும். இயன்ற சிறு தொகையையேனும், ஒரு தேங்காயையேனும் ஏழைப் பெற்றோரிடம் பெற்றுக்கொள்வதும் நன்று. அதனால் அவர்களும் கொடுத்தோர் வரிசையில் நிற்பர்.

ஒரே பானைச் சோற்றை உண்டு, ஒரே பாயிலே உறங்கி எழும் பிள்ளைகளுக்குள்ளே ஏழை யார், செல்வர் யார் என்பது தெரியாதிருத்தல் வேண்டும். அவ்வாறு நடைபெறும் பாசறையே ஊருக்குப் பெருமை தருவது.