தளர்நடைப் பிள்ளையும் விடுமுறைப் பயணமும்



பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை நம்மிற் பலர் பரீட்சைக்காகவே படித்தோம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்களும் இருபாலாருக்கும் பொது. இறுதி மூன்றும் ஆண்பாலிலே சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாலிலே அம்மானை, நீராடல், ஊசல் எனவும் வரும் என்று மனனம் செய்தோம். பரீட்சை முடிந்ததும் மறந்தும் போனோம். ஆனால், ஒரு பிள்ளை வீட்டிலே எழுந்து நடக்கத் தொடங்கும்போது அந்தப் பழைய பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

பாட்டியல் மரபிலே இப்பருவங்களை 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களில் வைத்து எண்ணும் ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கின்படி வருகைப் பருவம் 13ஆம் மாதம். அம்புலிப் பருவம் 15ஆம் மாதம். பத்துப் பருவங்களில் பின்னைய ஐந்தும் தளர்நடைப் பிள்ளைக்கே உரியவை. அந்த ஐந்திலும் பிள்ளை என்ன செய்கிறது? நடந்து வருகிறது. நிலாவைப் பார்க்கிறது. மணல் வீட்டை அழிக்கிறது. எதையாவது தட்டி ஓசை எழுப்புகிறது. சிறியதொரு வண்டியை இழுத்துக்கொண்டு திரிகிறது. இவற்றுக்கு வேண்டிய இடம் ஒரு முற்றம். பாட்டுடைத் தலைவன் முருகனாக இருந்தாலும் முற்றம் முற்றந்தான்.

இந்த முற்றத்தைத்தான் நாங்கள் விடுமுறைப் பயணம் போடும்போது மறந்துவிடுகிறோம். அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

கொழும்பிலே தொழில் பார்க்கும் ஓர் இளம் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்கு ஒன்றரை வயது. ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலே அம்மம்மாவும் தாத்தாவும் காத்திருக்கிறார்கள். உடனே ஒரு பட்டியல் தயாராகிறது. இரவோடு இரவாக வானில் புறப்படுவது; விடிந்ததும் நல்லூர்; பின்னேரம் கீரிமலை; மறுநாள் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு; அதற்கடுத்த நாள் காரைநகர் கசூரினாக் கடற்கரை; இடையிடையே பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு, போகாவிட்டால் கோபித்துக்கொள்ளும் மாமி வீடு. பெரியவர்களுக்கு இது நல்ல பட்டியல். இதிலே குறை ஒன்றே ஒன்று. பிள்ளை எப்போது நித்திரை கொள்ளும் என்று எங்கும் எழுதியில்லை.

ஒன்று முதல் இரண்டு வயது வரையான பிள்ளைக்கு, பகல் நித்திரையும் சேர்த்து, ஒரு நாளில் 11 முதல் 14 மணித்தியால நித்திரை வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலிலே சொல்லியிருக்கிறது. எஞ்சிய நேரத்திலேதான் உண்ணல், குளித்தல், விளையாடல், அழுதல் எல்லாம் நடைபெற வேண்டும். ஆகவே, பயணம் போடுபவர் முதலில் எழுத வேண்டியது கோயிலின் பெயரையல்ல, மத்தியான நித்திரையை. அதைக் கோடு போட்டு ஒதுக்கிவிட்டால், அதற்கு முன்னே ஒரு காலைப்பொழுதும் பின்னே ஒரு மாலைப்பொழுதும் மிஞ்சும். காலைப்பொழுதில் ஓரிடம் பார்க்கலாம். மாலைப்பொழுது முற்றத்துக்கு. ஒரு நாளைக்கு ஓரிடம் என்பதற்கு மேலே போனால் பிள்ளை அழும், பிள்ளை அழுதால் தாய் வாடுவாள், தகப்பன் சினப்பார், பிறகு அந்த விடுமுறையிலே யாருக்கும் மகிழ்ச்சி இராது.

அம்புலிப் பருவத்தைப் பற்றி இவ்விடத்திலே ஒன்று சொல்லலாம். பிள்ளையோடு விளையாட வா என்று சந்திரனை அழைக்கும்போது புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் கையாளுவார்கள். நித்திரை குழம்பிய பிள்ளையோடு வானுக்குள்ளே இருக்கும் பெற்றோரும் அந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையாளுவதைக் காணலாம். முதலில் கொஞ்சல், பிறகு "பக்கத்து வீட்டுத் தம்பி அழமாட்டான்" என்ற ஒப்பீடு, பிறகு பிஸ்கட், கடைசியில் அதட்டல். சந்திரன் இறங்கி வந்ததில்லை. பிள்ளையும் இணங்குவதில்லை. பிள்ளையிடம் பிடிவாதம் இருக்கிறது என்று நாங்கள் சொல்லுகிறோம். உண்மையிலே அதற்குத் தேவைப்படுவது ஒரு பாயும் கொஞ்சம் இருளும்.

அடுத்தது வழிப்பயணம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வானிலே போவதானால் பிள்ளைக்கென்று அமைந்த இருக்கையிலே பட்டியிட்டு இருத்துவதே பாதுகாப்பு. மடியிலே வைத்திருந்தாற் போதும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். ஆனால், சாரதி திடீரென பிரேக் பிடிக்கும்போது எந்தத் தாயின் கையாலும் அந்த விசையைத் தடுத்துப் பிள்ளையை நிறுத்த முடியாது. அன்பு வேறு, பௌதிகம் வேறு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது வாகனத்தை நிழலிலே நிறுத்தி, பிள்ளையை இறக்கி நடக்கவிட வேண்டும். இரவுப் பயணத்திலே பிள்ளை தூங்கும் என்பது உண்மைதான். சாரதிக்கும் தூக்கம் வரும் என்பதும் உண்மை.

புகையிரதம் பிள்ளைக்கு உகந்தது. எழுந்து நடக்கலாம், யன்னலோரம் மாடும் வயலும் காட்டலாம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தி, 2014 ஒக்டோபரிலேதான் மீண்டும் அந்த நிலையத்தை அடைந்தது. இடையிலே 24 ஆண்டுகள். அந்த ஆண்டுகளிலே பேரப்பிள்ளையைப் படத்தில் மாத்திரம் பார்த்துக் கண்ணை மூடிய அப்பம்மாமார் எத்தனையோ பேர். எனவே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதென்பது எங்களுக்கு வெறும் உல்லாசமன்று. அதனாலேயே அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்கிறேன். புறப்படுமுன் அன்றைய நேரத்தை நிலையத்திலே விசாரித்து, இருக்கையை முன்கூட்டிப் பதிவு செய்துகொள்வது நல்லது.

புகையிரதத்திலே கச்சான் விற்க வருவார்கள். பெரியவர்கள் வாங்கிக் கொறிக்கலாம். ஒன்றரை வயதுப் பிள்ளையின் கையிலே கச்சான், முழுத் திராட்சை, கொட்டையோடு கூடிய இறம்புட்டான் ஆகியவை போகக் கூடாது. மூச்சுக்குழலை அடைப்பதற்கு ஒன்றே போதும். வாழைப்பழம், இடியப்பம், பாண், வீட்டிலே அவித்த பருப்பும் சோறும் ஆகியன வழிக்குப் போதுமானவை. கொதித்தாறிய நீரை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். பையிலே இரண்டு பொதி ஜீவனி இருக்கட்டும். வயிற்றோட்டம் கண்டால் பொதியிலே எழுதியுள்ள அளவு நீரில் முழுவதையும் கரைத்து, சிறிது சிறிதாகக் கரண்டியால் பருக்கலாம். பிள்ளை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். 18ஆம் மாத ஊசி போட்ட மறுநாளைப் பயண நாளாக வைக்க வேண்டாம். அன்று காய்ச்சல் காயக்கூடும்.

இனி, ஊர் வீடு. கொழும்பிலே மாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்து வளவு ஒரு பெரிய உலகம். ஆனால், அந்த உலகத்தின் நடுவிலே கிணறு இருக்கிறது. வந்திறங்கியதும் பலகாரத் தட்டுக்கு முன் பார்க்க வேண்டியது கிணற்றுக் கட்டைத்தான். கட்டு எவ்வளவு உயரம்? பக்கத்திலே பிள்ளை ஏறி நிற்கக்கூடிய கல்லோ வாளியோ இருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா? சிறு பிள்ளை மூழ்குவதற்குச் சில அங்குல நீர் போதும், சத்தமும் கேளாது. "எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்பது மிக ஆபத்தான வாக்கியம். பத்துப் பேர் கூடியிருக்கும் வீட்டிலே பத்துப் பேரும் மற்றவர் பார்ப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே, இந்த மணித்தியாலம் சித்தி, அடுத்த மணித்தியாலம் மாமா என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். கடற்கரைக்கும் இதே விதிதான். கசூரினாவிலே கடல் ஆழங்குறைந்தது என்பது பெரியவர்களின் கணக்கு. பிள்ளையின் முழங்காலுக்குக் கடல் வேறு கணக்குச் சொல்லும்.

அம்மம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதக்கணக்காகக் காத்திருந்தவர் வாசலிலே கை நீட்டுகிறார். பிள்ளை வீரிட்டு அழுது தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கணத்திலே அவருடைய முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காது. ஆனால், அது வெறுப்பல்ல. இந்த வயதிலே தன்னவர் யார், பிறர் யார் என்று பிள்ளை பிரித்தறியத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அம்மம்மா சற்று விலகி அமர்ந்து, ஒரு சிரட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாற் போதும். பிள்ளை தானாக வரும். சிறுபறைப் பருவம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? இதற்கு ஒரு நாள் செல்லும், இரண்டு நாளும் செல்லலாம். அந்த நாள்களை மாமி வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டால் அம்மம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. உறவினரை ஒரு மாலையிலே வீட்டுக்கு வரவழைப்பதே வழி. கோபிப்பவர்கள் வந்து பிள்ளையைப் பார்த்ததும் கோபம் மறந்துவிடுவார்கள்.

இலண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் கோடை விடுமுறைக்கு வருகின்ற குடும்பங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அக்காலத்திலே இலண்டனுக்கும் இலங்கைக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம்; ரொறொன்ரோவுக்கு ஒன்பதரை. பிள்ளையின் உடம்பிலே பகல் இரவாகவும் இரவு பகலாகவும் இருக்கும்போது, கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு வடக்கே வானை விடுவது நல்லதன்று. ஓரிரு நாள் தங்கி ஆறிப் போவது பிள்ளைக்கு நல்லது.

இவ்வளவும் சொன்னபின் தாய்மாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விடுமுறை என்று புறப்படும் குடும்பத்திலே பெரும்பாலும் ஒருவருக்கு மாத்திரம் விடுமுறை இல்லை. வீட்டிலே செய்த வேலைகளை அடுப்பும் தண்ணீரும் பழக்கமில்லாத ஓரிடத்திலே அவள் செய்கிறாள். போத்தல் கொதிக்க வைப்பதும், துணி தோய்ப்பதும், கூட்டத்திலே பிள்ளையைத் தூக்கிச் சுமப்பதும் அவளே. பயணத்திட்டம் போடும்போது இடங்களின் பெயருக்கு எதிரே ஆள்களின் பெயரையும் எழுதுங்கள். காலைக் குளிப்பாட்டல் தகப்பன்; மத்தியானச் சோறு அம்மம்மா; மாலையிலே ஒழுங்கைவழி நடத்திக்கொண்டு போவது தாத்தா. நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலமாவது தாய் யாராலும் அழைக்கப்படாமல் இருக்க வேண்டும். அதையும் திட்டத்திலே எழுதாவிட்டால் அது நடைபெறாது.

அப்படியானால் ஐந்து நாள் பட்டியல் எப்படி அமையும்? முதல் நாள் பயணம். இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. வளவும் கிணற்றடியும் கோழிக்குஞ்சும். மூன்றாம் நாள் வெயில் ஏறுமுன் கடற்கரை, பத்து மணிக்குள் வீடு. நான்காம் நாள் அதிகாலையில் நல்லூர், மாலையில் உறவினர் வருகை. ஐந்தாம் நாள் திரும்புதல். நயினாதீவு அடுத்த முறைக்கு. நல்லூர்த் திருவிழா நடைபெறும் அந்த 25 நாள்களிலே போவதானால் தேரன்று கூட்டத்துக்குள்ளே பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். சாதாரண நாளின் காலைப் பூசை அதற்குப் போதும்.

தங்கத் தாத்தா என்று நாம் போற்றும் நவாலியூர் சோமசுந்தரப் புலவர், 1878 முதல் 1953 வரை வாழ்ந்தவர், ஆடிப்பிறப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்காகப் பாடியிருக்கிறார். அது விடுமுறை நாளைப் பற்றிய பாட்டு. அதிலே வரும் பிள்ளைகள் எங்கும் பயணம் போவதில்லை. கூழும் கொழுக்கட்டையும் ஆக்கும் வீட்டு வேலையும், கூடியிருந்து குடிப்பதுமே அவர்களுடைய கொண்டாட்டம். விடுமுறை என்றால் இடம்மாறுதல் என்ற எண்ணம் நமக்குப் பின்னர் வந்தது.

ஒன்றரை வயதிலே கண்டது எதுவும் நினைவிலே நில்லாதே, பிறகு எதற்காக இவ்வளவு சிரமம் என்று சிலர் கேட்பார்கள். பிள்ளைக்கு நினைவு இராது, மெய்தான். தாத்தாவுக்கு இருக்கும். தன் விரலைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முடியும் வரை அது நடந்து வந்த மாலையை அவர் பல காலம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஒரு நடைக்கு நேரம் விட்டுப் பயணத்தைத் திட்டமிடுங்கள். அதற்கு இடம் விட்டபின் எஞ்சும் நேரத்திலே ஊரையும் பார்க்கலாம்.