வீட்டுக்கு ஒரு சிறு துளை யந்திரம்

பிழைப்பை நாடித் தில்லி, மும்பை, புனே முதலிய நகரங்களில் குடியேறிய நம்மவர்க்கு வீடு மாறுவது பழகிப்போன ஒன்று. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்ட நேரலாம். புது வீட்டிலோ திரைச்சீலைக்குக் கம்பி, சுவாமி படத்துக்குப் பலகை, தளர்ந்த கதவுக்குக் கீல் என்று முதல் நாளே வேலை காத்திருக்கும். மொழி பழகாத ஊரில் தச்சரைத் தேடிப் பிடித்து, சைகை காட்டி வேலை வாங்குவதைவிட, பாட்டரியில் இயங்கும் டிரில் மெஷின் ஒன்றை நாமே வாங்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பே. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

கருவி புதிதன்று. பிளாக் அண்ட் டெக்கர் என்னும் அமெரிக்க நிறுவனம் 1961-ஆம் ஆண்டிலேயே பாட்டரித் துளை யந்திரத்தை வெளியிட்டது. அக்காலத்து நிக்கல்-காட்மியம் பாட்டரி கனமானது. பின்னர் வந்த லித்தியம் கலங்கள் அந்தப் பாரத்தைப் பெரிதும் குறைத்தன.

கடையில் நம்மை முதலில் மயக்குவது வோல்ட் கணக்கு. லித்தியம் கலம் ஒன்றுக்கு 3.6 வோல்ட், மூன்று சேர்ந்தால் 10.8. முழுதும் மின்னேற்றிய நிலையில் இது 12-ஐச் சற்றே தாண்டுமாதலால், பெட்டியின்மேல் 12 என்று அச்சிடுகிறார்கள். அவ்வாறே ஐந்து கலங்கள் கொண்டதை ஒருவர் 18 என்பார், மற்றொருவர் 20 என்பார், இரண்டும் ஒன்றே. வீட்டு வேலைக்கு 12 வோல்ட் போதும். அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோதான். ஏணியில் நின்று தலைக்கு மேல் கையை நீட்டுபவர்க்கே அரைக் கிலோவின் அருமை தெரியும். வாங்குமுன் கருவியைத் தோள் உயரத்தில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள்; வீட்டில் உள்ள மற்றவர்களும் பிடித்துப் பார்க்கட்டும்.

இரண்டு வேகங்கள் இருத்தல் நலம்: திருகாணி முடுக்க மெதுவானது, துளையிட விரைவானது. முன்பக்கத்தில் எண்கள் பொறித்த கிளட்ச் வளையமும் வேண்டும். சிறு திருகாணிக்குச் சிறிய எண்ணில் வைத்தால், அது இறுகியவுடன் கருவி தானே விட்டுக்கொடுக்கும், மரம் பிளவாது. நூறு உதிரிகள் அடங்கிய பெட்டி என்னும் ஆரவாரத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. நல்ல பிட் நான்கு போதும்.

ஆயினும் உண்மையான சோதனை சுவரில்தான் இருக்கிறது. தில்லியில் நான்காம் மாடியில் நாம் குடியிருந்தபோது, கீல், அலமாரி எல்லாம் இனிதே முடிந்தன. சன்னலுக்கு மேல் திரைக்கம்பிக்காகத் துளையிட்டபோது, விரற்கடை அளவு சென்ற பிட் அதற்குமேல் நகர மறுத்தது. நாமும் விடாமல் பலங்கொண்டு அழுத்தினோம். பிட்டின் முனை மழுங்கியது. உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. வீட்டைக் காலி செய்தபோது முன்பணத்தில் அதற்கும் ஒரு தொகை பிடித்துக்கொண்டார்கள். குற்றம் கருவியின்மேல் இல்லை. சன்னலின் மேற்புறம் இருப்பது செங்கல் அன்று. மேற்சுவரின் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல். தூணும் உத்திரமும் அத்தகையனவே. அவற்றுக்குக் கம்பி இணைப்புள்ள, இடித்துத் துளைக்கும் பெரிய ஹாம்மர் யந்திரம் வேண்டும். அத்தகைய மூன்று நான்கு துளைகளுக்காகக் கனமான கருவியை வாங்கி ஆண்டு முழுவதும் சுமப்பதைவிட, குடிபுகும் நாளன்று மின்வேலைக்காரர் ஒருவரை அழைத்து அவற்றை முடித்துக்கொள்வதே சிக்கனம் என்பது நம் முடிவு.

செங்கற்சுவருக்குச் சிறு கருவியிலேயே ஹாம்மர் வசதியுள்ள வகையை வாங்கலாம். இக்காலக் கட்டிடங்களில் காணும் இலேசான, நுண்துளைகள் நிறைந்த சிமெண்டுக் கற்களில் அவ்வசதியைப் பயன்படுத்தலாகாது. துளை உதிர்ந்து அகன்றுவிடும். எந்தச் சுவராயினும் சுவிட்சுப் பலகைக்கு நேர்மேலும் நேர்கீழும் துளையிடாதீர்கள். அவ்வழியேதான் பெரும்பாலும் மின்கம்பிக் குழாய் செல்லும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அங்கும் வேலை இருக்கிறதென்று கருவியை எடுத்துச் செல்வோர் உண்டு. ரயிலில் தொல்லையில்லை. விமானத்தில் கருவியை ஒப்படைக்கும் பெட்டியிலும், கழற்றிய பாட்டரியை, முனைகள் உலோகத்தில் படாதவாறு உறையிட்டு, கைப்பையிலும் வைக்கவேண்டும். 12 வோல்ட் கருவியின் 2 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஏறக்குறைய 22 வாட்-மணி அளவினது. சாதாரணமாக அனுமதிக்கப்படும் 100 வாட்-மணிக்கு வெகு கீழேயே அது நிற்கிறது.