பேருல மட்டும் எகிப்து

மோப்பத்தைவிட கண்ணை நம்பித் துரத்துற வேட்டை நாய்களுக்கு சைட்ஹவுண்ட்னு பேரு. அதுல ஒண்ணு ஃபாரோ ஹவுண்ட். எகிப்துக் கல்லறைச் சுவர்ல இருக்குற நாயோட நேரடி வாரிசு, 5,000 வருஷப் பழசுன்னு பெருமையா சொல்லுவாங்க.

2004-ல 85 நாய் இனங்களோட டிஎன்ஏவை ஒப்பிட்ட ஆய்வு ‘சயின்ஸ்’ இதழ்ல வந்துச்சு. சலூகி, ஆப்கன் ஹவுண்ட் ரெண்டும் பழைய கிளையில நின்னுச்சு. ஃபாரோ ஹவுண்ட்? பிற்காலத்துல மத்த இனங்கள் கலந்து உருவானதுன்னு முடிவு.

இதோட சொந்த ஊர் மால்டா தீவு. அங்க இதுக்குப் பேரு கெல்ப் தல் ஃபெனெக், அதாவது முயல் நாய். முயல் வேட்டைக்காக வளர்த்தவங்க மால்டா கிராமத்து ஜனங்க. அரசர் பேரை வெச்சதுல அவங்க உழைப்புதான் மறைஞ்சு போச்சு. ‘பழமையான இனம்’னு யாராவது விலை சொன்னா, ஆதாரம் கேளுங்க.